மசணனைத் தேடிய ஆண்டெனா

குரு என்றால் தாடி வேண்டும், சீடன் என்றால் மீசை அப்போதுதான் அரும்பியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதை ஏமாற்றம்தான். கூகைமலை யானை ஆராய்ச்சி முகாமில் குருவின் பெயர் பூங்கோதை, வயது முப்பத்து நான்கு. சீடர் வெள்ளிங்கிரிக்கு ஐம்பத்து மூன்று. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். அவர் பூங்கோதையை மேடம் என்பார். பூங்கோதை அவரை சார் என்பார். மரியாதை இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

முகாமின் வேலை, யானைகளின் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டுவது. காலர் 'டிக், டிக்' என்று ஓயாமல் ஒலிபரப்பும். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, யானை தேயிலைத் தோட்டத்துப் பக்கம் இறங்குவதற்குள் அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கில் நின்றால் ஒன்றும் கேட்காது. அதனால் ஆண்டெனாவை ட்ரோனில் கட்டி மேலே ஏற்றிவிட்டு, கீழே ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொள்வார்கள்.

வந்து சேர்ந்த அன்றைக்கே வெள்ளிங்கிரி கேட்டார்.

"மேடம், ட்ரோன்ல மாட்டறதுக்கு எந்த ஆண்டெனா ஒசத்திங்க?"

பூங்கோதை இரண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஒன்று மீன்முள் மாதிரி கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த யாகி. இன்னொன்று சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வளையம்.

"எதைத் தேடப் போறீங்க சார்?"

"யானையைங்க."

"அது எங்கே இருக்கு?"

"அது தெரியாமத்தானுங்களே தேடறோம்?"

"அப்ப எது ஒசத்தின்னு எனக்கும் தெரியாதுங்க சார்."

நழுவுகிறார் என்று வெள்ளிங்கிரி நினைத்தார். பட்டாளத்தில் இப்படி யாராவது பதில் சொன்னால் மைதானத்தை மூன்று சுற்று ஓடவிடுவார்கள். அவருக்கு யாகிதான் பிடித்திருந்தது. பார்க்கவே ஆயுதம் போல இருந்தது, தொலைவில் இருப்பதையும் அள்ளிக்கொண்டு வந்தது. அலுமினியக் குழாயில் தானே ஒன்றைச் செய்து அதற்குப் பச்சை வர்ணமும் அடித்தார்.

முகாமில் ஒரு வழக்கம் உண்டு. காலரின் பக்கவாட்டில் ஒரு காந்தத்தை ஒட்டி வைத்தால் அது தூங்கும். காந்தத்தை எடுத்தால் விழித்துக்கொண்டு ஒலிக்கத் தொடங்கும். யானையின் கழுத்தில் மூன்று வருடம் ஓட வேண்டிய பேட்டரி என்பதால், சோதித்துப் பார்த்தவர் காந்தத்தைத் திரும்ப ஒட்டியே ஆக வேண்டும். மறந்தவர் அன்றைக்கு எல்லாருடைய சாப்பாட்டுத் தட்டையும் கழுவ வேண்டும். வெள்ளிங்கிரி மூன்று மாதத்தில் இரண்டு தடவை கழுவிவிட்டார்.

இரண்டாவது தடவை பூங்கோதை எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார். "மூணாவது தடவையும் மறந்தா, சாருக்குப் பட்டாளத்துக்கே திரும்ப டிக்கெட் போட்டுரலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளிங்கிரியும் சிரித்தார். அது மட்டும் உள்ளே போய் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஆடி மாதம் பதினொரு நாள் விடாமல் மழை. பன்னிரண்டாம் நாள் விடிகாலை ஐந்தரைக்கு, காவலர் மசணன் ஒரு காலரைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்மலை கும்கி முகாமுக்குக் கிளம்பினான். அங்கே ஒரு யானைக்கு அன்று அதை மாட்ட வேண்டும். மசணன் மேல்பதிக் குடியிருப்பைச் சேர்ந்த இருளர். முப்பது வயது, அந்தக் காட்டில் அவன் கால் படாத இடம் இல்லை. காலரைச் சோதித்துக் கொடுத்தவர் வெள்ளிங்கிரி. "கரடிச் சரிவு வழியாப் போயிரு மசணா, ஒரு மணி நேரம் மிச்சம்" என்று சொல்லி அனுப்பியவரும் அவர்தான்.

ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கரடிச் சரிவு இறங்கியது. முகாமில் டம்ளர்கள் ஆடின. அரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு மரமும் பாறையும் மண்ணும் ஓடைவரை போய்க் கிடந்தன.

"மசணன் அதுக்குள்ள தாண்டியிருப்பான்" என்றார் சமையல்காரர். எல்லாரும் அதையே சொல்லிக்கொண்டார்கள்.

ஏழு மணிக்கு வெள்ளிங்கிரி பீடிக்காகச் சட்டைப்பையில் கைவிட்டார். பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. எடுக்காமலே தெரிந்துவிட்டது, காந்தம்.

சொல்லலாம் என்றுதான் எழுந்தார். எதிரே பூங்கோதை செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, மீட்புப் படை எப்போது வரும் என்று யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிங்கிரி திரும்ப உட்கார்ந்துகொண்டார். மசணன் பத்திரமாகப் போயிருப்பான், காலர் ஒருநாள் ஓடினால் என்ன, அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஏழரைக்கு மழையும் விட்டது.

எட்டு மணிக்கு எதிர்மலையிலிருந்து வாக்கிடாக்கியில் செய்தி வந்தது. மசணன் வந்து சேரவில்லை.

அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. ஏதாவது குகையில் ஒதுங்கியிருப்பான் என்றார்கள், அதை நம்பினார். அத்தனை மண்ணுக்குள்ளிருந்து ஒலி எங்கே வெளியே வரப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னார். இருபத்தெட்டு வருடம் சிக்னல் பிரிவில் இருந்த மனிதர், ஒரு செய்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனாலும் அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒன்பதே முக்காலுக்கு மசணனின் மனைவி ருக்கி, பதியிலிருந்து நனைந்த சேலையோடு ஓடிவந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் சரிவைப் பார்த்து நின்றாள். அந்த முதுகைப் பார்த்த பிறகுதான் வெள்ளிங்கிரி பூங்கோதையிடம் போனார்.

"மேடம். காந்தம் போடலீங்க. காலர் ஓடிட்டுத்தான் இருக்கு."

பூங்கோதை ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். திட்டவில்லை.

"ட்ரோனை எடுங்க சார். எந்த ஆண்டெனா?"

"யாகிங்க."

"சரி, மாட்டுங்க."

பத்து மணிக்கு ட்ரோன் ஏறியது. ஸ்பீக்கரில் முதலில் வெறும் இரைச்சல்தான். ட்ரோன் மெதுவாகத் தன்னைச் சுற்றிக்கொள்ள, வடக்கே திரும்பியபோது அது வந்தது.

டிக். இரண்டு விநாடி. டிக்.

வெள்ளிங்கிரி குதித்தே விட்டார். அந்தக் காலரில் ஒரு ஏற்பாடு உண்டு. நான்கு மணி நேரம் அசையாமல் கிடந்தால், அது இரண்டு மடங்கு வேகமாக அடிக்கும். யானை செத்துக் கிடந்தால் தெரிந்துகொள்வதற்காக வைத்தது. இப்போது மெதுவாக அடிக்கிறது என்றால், நான்கு மணி நேரத்துக்குள் அது எப்போதோ அசைந்திருக்கிறது.

"உசுரோட இருக்கான் ருக்கி! மெதுவாத்தான் அடிக்குது!"

"சார்" என்றார் பூங்கோதை தாழ்ந்த குரலில். "மண்ணு நகர்ந்தாலும் காலர் அசையும்."

அது யார் காதிலும் விழவில்லை. ருக்கி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒலி பலமாக வந்த திசையில் வெள்ளைப்பாறை செங்குத்தாக நின்றது. ஆட்கள் மண்வெட்டியோடு அங்கே போனார்கள். ஒரு மணி நேரம் தோண்டினார்கள். பதினொன்றரைக்கு, பாறையடியில் ஒன்றும் இல்லை என்று தகவல் வந்தது.

"அங்கேதானுங்க மேடம் கணீர்னு கேக்குது" என்றார் வெள்ளிங்கிரி.

"கிணத்துக்குள்ள கத்தினா எங்கே கணீர்னு கேக்கும் சார்?"

வெள்ளிங்கிரிக்கு உறைத்தது. ஒலி பாறையில் மோதித் திரும்பியிருக்கிறது. இவ்வளவு நேரம் எதிரொலியைத் தோண்டியிருக்கிறார்கள்.

பூங்கோதை யாகியைக் கழற்றிவிட்டு வளையத்தை மாட்டினார்.

"இதுல பாதிகூடக் கேக்காதுங்களே?"

"கேக்கிற இடம் வேண்டாம் சார். கேக்காத இடத்தைச் சொல்லுங்க."

ட்ரோன் ஏறிச் சுழன்றது. எல்லாத் திசையிலும் மங்கலாக டிக் கேட்டது. ஒரே ஒரு கோணத்தில், வளையம் தன் முகத்தை நேராகக் காட்டும்போது, சட்டென்று ஒன்றுமே இல்லை. அந்தக் கோணத்தைப் பூங்கோதை வரைபடத்தில் கோடாக இழுத்தார். கோடு முன்னாலும் போகும், பின்னாலும் போகும். எந்தப் பக்கம் என்று வளையம் சொல்லாது. அதனால் கிழக்குமேட்டுக்கு ஓடி அங்கிருந்து ஒரு தடவை ஏற்றினார்கள். அப்புறம் மேற்கே ஒரு தடவை. மூன்று கோடுகளும் ஓடையோரம், ஒரு விழுந்த நாவல் மரத்துக்கு அருகில் சந்தித்தன.

வெள்ளிங்கிரி வாக்கிடாக்கியில் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கர் மாறியது.

டிக் டிக் டிக் டிக்.

மணி பன்னிரண்டு நாற்பது. அவர் வாக்கிடாக்கியைக் கீழே இறக்கினார்.

ருக்கி பக்கத்தில் வந்தாள்.

"என்னங்க சார், வேகமா அடிக்குது? நெஞ்சு அடிக்கிற மாதிரி. நல்லதுதானுங்களே?"

வெள்ளிங்கிரி பூங்கோதையைப் பார்த்தார். பூங்கோதை அவரைப் பார்த்தார். ருக்கி கேட்டது வெள்ளிங்கிரியிடம்தான்.

"ஆமாம்மா" என்றார் வெள்ளிங்கிரி. "நல்லதுதான்."

"அப்ப சுடுதண்ணி வெக்கறேனுங்க. குளுர்ல வெறச்சுப் போயிருப்பாரு." ருக்கி சமையலறைப் பக்கம் ஓடினாள்.

ஓடையோரம் போய்ச் சேர்ந்தபோது இன்னொரு தொல்லை. நெருங்கிவிட்டதால் ரிசீவர் திணறியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சத்தம். நாவல் மரத்தைச் சுற்றி ஒரு வயல் அளவுக்கு மண் கிடந்தது. அதில் எங்கே தோண்டுவது? வெள்ளிங்கிரி யாகியை நீட்டிப் பார்த்தார், வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். எங்கும் டிக் டிக் டிக் டிக்.

"மேடம், வேற ஆண்டெனா ஏதாச்சும் இருக்குங்களா?"

பூங்கோதை அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். ஆண்டெனாவைத் திருகிக் கழற்றிச் சேற்றில் போட்டார். வெறும் பெட்டியை வெள்ளிங்கிரியின் நெஞ்சோடு சேர்த்து வைத்து, அவருடைய இரண்டு கைகளையும் எடுத்து அதன்மேல் வைத்து அழுத்தினார்.

"மெதுவாத் திரும்புங்க."

வெள்ளிங்கிரி இருந்த இடத்திலேயே திரும்பினார். ஓடையைப் பார்த்தபோது அடித்தது. மரத்தைப் பார்த்தபோது அடித்தது. மலையைப் பார்த்தபோது ஒலி தேய்ந்து, கிட்டத்தட்ட நின்றுபோனது.

"நில்லுங்க. உங்க உடம்பு மறைக்குது. முதுகுக்குப் பின்னாலதான் இருக்கார்."

அவர் திரும்பிப் பார்த்தார். ஆறடி தூரத்தில் நாவல் மரத்தின் வேர்க்கட்டு, அதன் கீழே ஒரு பொந்து. மண்வெட்டியை எதிர்பார்க்காமல் கையாலேயே தோண்டினார்.

மசணன் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்த வாக்கில் இருந்தான். தலைக்குமேல் வேர்கள் தாங்கிக்கொண்டிருந்தன. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. உடம்பு சில்லிட்டுப் பல மணி நேரம் ஆகியிருந்தது. பை திறந்து கிடந்தது. காலரைத் தன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான், விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது.

வெள்ளிங்கிரிக்குப் புரிந்துவிட்டது. காலரில் காந்தம் இல்லை என்று மசணன் பார்த்திருக்கிறான். அசையாவிட்டால் செத்தவன் கணக்கு என்பது அவனுக்குத் தெரியும். போன வருடம் செத்த யானையொன்றை அந்த வேக ஒலியை வைத்து அவன்தான் கண்டுபிடித்தான். அதனால் காலரை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறான், சார் கேட்டுக்கொண்டிருப்பார் என்று.

ருக்கி வைத்த சுடுதண்ணீர் அவனைக் குளிப்பாட்டத்தான் உதவியது.

மூன்றாம் நாள் நடுப்பகல். நல்ல வெயில் அடித்தது. பட்டறைக்கு வெளியே ட்ரோன் பெட்டியின்மேல் உட்கார்ந்து, வெள்ளிங்கிரி பச்சை யாகியை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். பூங்கோதை வந்து நின்றார்.

"அது என்ன பண்ணுச்சு சார்?"

"ஒரு மணி நேரத்தைத் தின்னுருச்சுங்க. மொதல்லயே அந்த வளையத்தை மாட்டியிருந்தா அவன் பொழச்சிருப்பான்."

"வேகமா அடிச்சது எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு நாப்பது."

"அப்ப அவர் கடைசியா ஆட்டினது?"

வெள்ளிங்கிரியின் ரம்பம் நின்றது. நான்கு மணி நேரத்தைக் கழித்தார். "எட்டு நாப்பதுங்க."

"நாம ட்ரோனை ஏத்தினது?"

"பத்து."

"பத்து மணிக்கு எதை மாட்டியிருந்தாலும் அவர் போனவர்தான். யாகியை அறுக்காதீங்க."

அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வெள்ளிங்கிரி ரம்பத்தைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்க, சொன்னார்.

"காந்தம் பையில இருக்குன்னு எனக்கு ஏழு மணிக்கே தெரியுமுங்க."

பூங்கோதை நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சார் சொல்லலை?"

"நீங்க எல்லார் முன்னாலயும் ஏதாச்சும் சொல்லிப் போடுவீங்கன்னு."

பூங்கோதையின் முகம் வெளிறியது.

"மழை விட்டதும் ஏழரைக்கே ட்ரோனை ஏத்தியிருந்தா பொழச்சிருப்பானுங்களா மேடம்?"

"தெரியாதுங்க சார். ஒருவேளை."

அந்த 'ஒருவேளை' என்ற சொல்லை வெள்ளிங்கிரி சாகும்வரை சுமந்தாக வேண்டும். அது அவருக்கு அப்போதே தெரிந்தது.

"ருக்கிகிட்ட நான் பொய் சொன்னேனுங்க. வேகமா அடிச்சா நல்லதுன்னு. அவ நேத்து வந்து கும்பிட்டுட்டுப் போறா. கடேசி வரைக்கும் வேகமா அடிச்சுதுங்க சார், உசுருக்குப் போராடியிருக்காரு, நீங்கதான் எப்படியாச்சும் காப்பாத்தப் பாத்தீங்கன்னு சொல்றா. என்னையக் கும்பிடறாளுங்க மேடம்."

"ம்."

"உண்மையைச் சொன்னா அவ எப்படித் தாங்குவா?"

"அவர் ரெண்டரை மணி நேரம் உங்களைக் கூப்பிட்டுட்டே இருந்தாருன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

வெள்ளிங்கிரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பட்டாளத்துக்காரர் அழுவது பார்க்கச் சகிக்காது. பூங்கோதை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தன் கண்ணையும் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏன் சொல்லலைன்னு அவங்க கேப்பாங்க. என் வாய்க்குப் பயந்துதான்னு சொல்லுங்க. என் பேரையும் சேத்துச் சொல்லுங்க, நானும் கூட வர்றேன்."

வெள்ளிங்கிரி தலையாட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. மேல்பதியில் மசணனுக்காகக் கொகால் ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழலோசை பின்னாலிருந்து விட்டுவிட்டு வந்தது. அவர் எதிர்மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் அவர் காலடியிலிருந்து நகர்ந்து பட்டறைச் சுவருக்குப் போய்விட்டது.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"எனக்கு ஒண்ணுமே புரிய மாட்டேங்குதுங்க. இனி எந்தப் பக்கம் போறதுன்னே தெரியலை."

பூங்கோதை எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"எந்தப் பக்கம் முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்கன்னு பாருங்க சார்."